வகைக்கூற்றும் வகைவினாவும்

 

மொழிமன்றத்தின் மேடையில் கணினி நிரலைப் பற்றிப் பேசலாமா என்னும் தயக்கம் எங்களுக்கு இருந்தது. தலைப்பைக் கண்ட நண்பர் ஒருவர், “இலக்கணக்காரர் இடத்தில் எந்திரக்காரர்க்கு என்ன வேலை?” என்று கேட்கவும் செய்தார். நாங்கள் பேசவந்ததும் இலக்கணமே. இன்ன வகையென்று தெரியாத ஒரு பொருளை எப்பெயரால் அழைப்பது, அதன் வகையை எவ்வாறு கேட்டறிவது, கேட்டபின் கிடைத்த விடையை என்ன செய்வது என்னும் சிக்கல்கள் தமிழ் இலக்கணத்துக்குப் பழையவை. அவையே இன்று ‘கோ’ என்னும் நிரல்மொழியில் வேறு பெயர் பூண்டு நிற்கின்றன. அவற்றுள் மூன்றாவதை நாங்கள் பொருட்படுத்தாததால் ஒரு தோட்டப்பள்ளியின் மாணவர் பெயர்ப்பட்டியல் ஒன்று அழிந்தது. அதை எடுத்துரைக்கவே இவ்வழியாக வருகிறோம்.

முதலில் இவ்வூரின் பெயரையே எடுத்துக்கொள்வோம். சுங்கை என்னும் மலாய்ச்சொல் ஆற்றைக் குறிப்பது; ஆயர் தாவார் என்பது உப்புச் சுவையில்லாத நன்னீர். ஆக, பெயர் ஆற்றினுடையது. நாம் அதனால் சுட்டுவதோ ஊரை. ‘சுங்கை ஆயர் தாவார் கரைபுரண்டது’ என்றால் நீர் நினைவுக்கு வருகிறது. ‘சுங்கை ஆயர் தாவார் விழாவுக்குத் திரண்டு வந்தது’ என்றால் மக்கள் நினைவுக்கு வருகிறார்கள். பெயர் ஒன்றாகவே நிற்க, பின்வரும் சொல் பொருளின் வகையைக் காட்டிவிடுகிறது.

தோட்டத்து லயங்களில் இதனினும் தெளிவான சான்று உண்டு. கறுப்பன் என்று மனிதர்க்கும் பெயரிடுவார்கள், நாய்க்கும் பெயரிடுவார்கள். ‘கறுப்பன் வந்தான்’ என்றால் வந்தவன் ஆள். ‘கறுப்பன் வந்தது’ என்றால் வாலாட்டிக்கொண்டு வந்தது வேறு. இவ்வாறு உயர்திணைக்கும் அஃறிணைக்கும் பொதுவாக நிற்கும் பெயரைத் தொல்காப்பியர் பெயரியலில் விரவுப்பெயர் என்று தனியே பிரித்து ஆராய்கிறார். பின்வந்த இலக்கண மரபு இதனைப் பொதுப்பெயர் என்கிறது. சாத்தன் என்னும் பெயரை உரையாசிரியர்கள் இதற்கு எடுத்துக்காட்டாக ஆள்வதை மேல்வகுப்பு மாணவர்கள் படித்திருப்பீர்கள்.

இனி நிரல்மொழிக்கு வருவோம். நிரல்மொழிகளில் ஒரு பிரிவு, ஒவ்வொரு பெயரும் எவ்வகைப் பொருளைத் தாங்கும் என்பதை நிரல் ஓடுவதற்கு முன்னரே வரையறுக்கும். எண்ணைத் தாங்க வேண்டிய பெயரில் எழுத்துகளை வைத்தால், நிரலை எந்திரமொழிக்கு மாற்றும் தொகுப்பி அதனை ஏற்காது. ‘அவன் வந்தது’ என்று கட்டுரையில் எழுதிய மாணவனுக்குத் தமிழாசிரியர் சிவப்பு மையில் திணைவழு என்று குறிப்பதை ஒத்த செயல் இது. கட்டுரை அச்சேறும் முன்னரே வழு பிடிபடுகிறது. இத்தகைய மொழிகளை நிலைவகை மொழிகள் எனலாம். கோ அத்தகையது. கூகுள் நிறுவனத்தில் ராபர்ட் கிரீசெமர், ராப் பைக், கென் தாம்சன் ஆகிய மூவரும் 2007ஆம் ஆண்டில் அதனை வடிவமைக்கத் தொடங்கினர். 2009 நவம்பரில் அது பொதுவெளிக்கு வந்தது. 2012 மார்ச்சில் அதன் முதற்பதிப்பு நிலைபெற்றது. இம்மூவருள் பைக்கும் தாம்சனும், இன்று உலகத்து எழுத்துகளையெல்லாம் கணினியில் சுமந்துசெல்லும் யூ.டி.எஃப்-8 என்னும் குறிமுறையை 1992இல் உருவாக்கியவர்கள். தமிழுக்கும் அவர்களுக்கும் அவ்வகையில் ஒரு தொடர்பு உண்டு. அதற்குப் பிறகு வருவோம்.

வகையை இவ்வளவு கண்டிப்பாகப் பேணும் மொழியிலும் விரவுப்பெயர் இல்லாமல் வாழ முடியாது. ஒரு தோட்டத்தின் கூலிக்கணக்கை நினைத்துப் பாருங்கள். கிராணியின் ஏட்டில் ரப்பர்ப்பால் உண்டு, செம்பனைக்குலை உண்டு, தேங்காய் உண்டு. பாலுக்கு எடையோடு, அதில் உலர்ந்த ரப்பர் எத்தனை விழுக்காடு என்பதும் வேண்டும். குலைக்கு எடை போதும். தேங்காய்க்கு எண்ணிக்கை. (இலக்கணப் பாலும் ரப்பர்ப்பாலும் ஒரே சொல்லாய் அமைந்தது எங்கள் குற்றமன்று, இவ்வுரையில் இரண்டும் வரும், பொறுத்தருள்க.) மூன்றும் வெவ்வேறு வகைகள். ஆனால் மாதக் கடைசியில் கிராணிக்கு வேண்டியது ஒன்றுதான்: இதற்குக் கூலி எவ்வளவு? ஆகவே ‘விளைச்சல்’ என்றொரு பொதுப்பெயரை வைத்து, ‘கூலி சொல்’ என்னும் வினையை ஏற்கக்கூடிய எதுவும் விளைச்சலே என்று விதித்துவிடலாம். வினைகளைக் கொண்டு வரையறுக்கப்படும் இத்தகைய பொதுப்பெயரே இடைமுகம், ஆங்கிலத்தில் இன்டர்ஃபேஸ்.

கோ மொழியில் ஒரு வகை தன்னை விளைச்சலின் உறுப்பாகச் சேர்த்துக்கொள்ளும்படி எங்கும் எழுதிக்கொடுக்க வேண்டியதில்லை. ஜாவா போன்ற மொழிகளில் அந்த அறிவிப்பு கட்டாயம். கோவில் உரிய வினை இருந்தால் போதும். உறுப்புரிமை தானே வந்துவிடும். நாளை கொக்கோ பயிரிட்டு அதற்கும் ‘கூலி சொல்’ என்னும் வினையை எழுதினால், பழைய ஏட்டில் ஒரு வரியும் மாறாமல் கொக்கோ அதில் ஏறிக்கொள்ளும்.

விளைச்சல் என்ற பெயருக்குள் ஒரு பொருளை இட்டால் உள்ளே என்ன இருக்கிறது? இரண்டு அறை கொண்ட பெட்டியாக அதை எண்ணிக்கொள்ளுங்கள். ஓர் அறையில் பொருளின் உண்மையான வகை எழுதப்பட்டிருக்கும். மற்றோர் அறையில் பொருள். வெளியே எழுதியிருப்பது பொதுப்பெயராயினும் உள்ளே இருப்பது தன் வகையை மறப்பதில்லை. இதிலிருந்து ஒரு பொறியும் பிறக்கிறது. ‘பால்’ என்று வகை குறித்து, உள்ளே எதுவும் இல்லாமல் வைத்த பெட்டி, கோவின் கணக்கில் வெறும்பெட்டி ஆகாது. இரண்டு அறையும் காலியாக இருந்தால்தான் அது ‘இன்மை’. பெயரெழுதிய வெறுஞ்சாக்கும், சாக்கே இல்லாமையும் ஒன்றல்லவே. கோ பயில்வோர் பலரும் ஒருமுறையாவது இதில் விழுந்தெழுவார்கள்.

பொதுப்பெயரிலிருந்து மீண்டும் சிறப்பு வகைக்கு வருவது எப்படி என்பதே நம் தலைப்பு. கிராணி மாத அறிக்கையில் பாலின் உலர்ரப்பர் விழுக்காட்டைத் தனியே குறிக்க வேண்டும் என்க. கையில் இருப்பதோ ‘விளைச்சல்’ என்னும் பொதுப்பெட்டி. விழுக்காடு என்னும் வினை குலைக்கும் தேங்காய்க்கும் இல்லை; ஆதலால் விளைச்சலைப் பார்த்து அதைக் கேட்கத் தொகுப்பி இடந்தராது. அப்போது, ‘இந்த விளைச்சல் பால்தான்’ என்று நிரலாளர் எழுத வேண்டும். பெயருக்குப் பின் ஒரு புள்ளி, அதன்பின் அடைப்புக்குறிக்குள் வகையின் பெயர்: விளைச்சல்.(பால்). ஆங்கிலத்தில் இதற்கு டைப் அசெர்ஷன் என்று பெயர். ‘கூலி சொல்’ என்னும் வினையே இல்லாத ஒரு வகையை, சான்றாகக் கள்ளிமுள்ளை, அடைப்புக்குறிக்குள் எழுதினால் தொகுப்பி அப்போதே தடுத்துவிடும். அது ஒருபோதும் விளைச்சலாய் இருந்திருக்க முடியாது அல்லவா? ஆனால் பாலா, குலையா என்பதைத் தொகுப்பியால் முன்கூட்டிச் சொல்ல இயலாது. அது நிரல் ஓடும்போது பெட்டியைத் திறந்து பார்த்தே அறியத்தக்கது.

இந்த அசெர்ஷனுக்குக் கோவில் இரண்டு வடிவங்கள் உண்டு. முதல் வடிவம் ஒரே விடையைப் பெறுவது. உள்ளே பால் இருந்தால் பால் கைக்கு வரும். குலை இருந்தால் நிரல் அவ்விடத்திலேயே நிலைகுலைந்து நின்றுவிடும். இரண்டாம் வடிவம் இரண்டு விடைகளைப் பெறுவது: பொருள் ஒன்று, ‘ஆம்’ அல்லது ‘அன்று’ என்னும் சொல் ஒன்று. உள்ளே குலை இருந்தால் நிரல் நிற்காது. ‘அன்று’ என்னும் விடையும், அதனுடன் பால் வகையைச் சேர்ந்த வெறுமையான ஒரு பொருளும் கைக்கு வரும். சுழியம் எடையுள்ள பால் என்று வைத்துக்கொள்ளுங்கள். அந்தச் சுழியத்தை நினைவில் வையுங்கள். நாங்கள் விழுந்த குழி அதுவே.

தமிழில் இதற்கு என்ன பெயரிடலாம்? வகை உறுதிப்பாடு, வகை வலியுறுத்தல் என்றெல்லாம் எழுதலாம், தவறில்லை. எனினும் இரண்டு வடிவத்துக்கும் ஒரே பெயர் வைப்பது ஆங்கிலத்தின் போதாமை என்பது எங்கள் கருத்து. முதலாவது ஒரு கூற்று: ‘இது பால்’ என்று உறுதியாகச் சொல்லி, பொய்த்தால் அதன் விளைவை ஏற்பது. இரண்டாவது கூற்றே அன்று, வினா: ‘இது பாலா?’ ஆகவே முன்னதை வகைக்கூற்று என்றும் பின்னதை வகைவினா என்றும் வழங்கலாம் என்று இம்மன்றத்தின் முன் வைக்கிறோம். கலைச்சொல் ஆக்குவோர் ஏற்பார்களோ, திருத்துவார்களோ, அது அவர்கள் உரிமை. கிளவியாக்கத்தில் தொல்காப்பியர் வினாவையும், அதற்கு விடையாகிய செப்பையும் இணைத்தே பேசி, இரண்டும் வழுவாமல் காக்கப்பட வேண்டும் என்கிறார். வினவியவன் விடையைக் கேளாது நடந்துவிட்டால் அது எவ்வகை வழு என்று அவர் சொல்லவில்லை. அப்படியும் ஒருவன் செய்வான் என்று எண்ணியிருக்க மாட்டார்.

முன்பு சொன்ன கறுப்பன் உவமையில் ஒரு குறை உண்டு என்பதையும் இங்கே ஒப்புக்கொள்ள வேண்டும். ‘கறுப்பன் வந்தது’ என்பவனுக்கு வந்தது நாய் என்று முன்பே தெரியும். அவன் நமக்குத் தெரிவிக்கிறான். வகைவினா கேட்கும் நிரலுக்கோ தெரியாது. அந்நிலைக்கு நெருக்கமானது அதே கிளவியாக்கத்தில் வரும் ஐயம் பற்றிய விதி. அந்தி மயங்கிய வேளையில் தொலைவில் ஏதோ நிற்கிறது. மரக்கட்டையா, மனிதனா என்று தெரியவில்லை. அப்போது உயர்திணை முடிபும் கொடாமல், ஒருதலையாகக் கட்டை என்றும் துணியாமல், உருவம் என்பதைப் போன்ற பொதுச்சொல்லால் சொல்லவேண்டும் என்பது அவ்விதியின் கருத்து. ஐயம் நீங்கித் துணிந்தபின், இது இன்னது அன்று, இன்னது என்று கூறும் முறையும் அங்கே வகுக்கப்படுகிறது. பொதுப்பெயர், வினா, அன்று என்னும் விடை, துணிவு: கோ மொழியின் நான்கு படிகளும் அங்கே இருக்கின்றன. கோவை உருவாக்கியோர் தொல்காப்பியம் படித்தார்கள் என்று யாரும் கிளம்பிவிட வேண்டா. வகையும் பெயரும் ஒன்றோடொன்று முட்டும் இடங்கள் எங்கும் ஒன்றாகவே இருக்கின்றன, அவ்வளவுதான்.

மாணவர்களுக்காக ஓர் இடைக்குறிப்பு. மேலே விளைச்சல்.(பால்) என்று எழுதிக்காட்டினோம். வீட்டுக்குப் போய் அதை அப்படியே தட்டச்சு செய்தால் தொகுப்பி ஏற்காது. கோ மொழியில் பெயர்களை உலக எழுத்துகள் எவற்றாலும் எழுதலாம் என்பது விதி. ஆனால் அவ்விதி ‘எழுத்து’ என்று கொள்வது யூனிகோடு எழுத்தென்று வகைப்படுத்தியதை மட்டுமே. நம் புள்ளியும், கால், கொம்பு, விசிறி முதலியனவும் அங்கே எழுத்துகள் அல்ல, சார்ந்து நிற்கும் குறிகள். ஆதலால் ‘பல’, ‘அகல’ போன்ற சொற்கள் பெயராகச் செல்லும். ‘மரம்’ செல்லாது, ‘பால்’ செல்லாது. ‘தமிழ்’ என்னும் சொல்லும் செல்லாது. நம் கண்ணுக்கு மூன்றெழுத்தாகிய அச்சொல் யூனிகோட்டில் 5 குறியீடுகள், யூ.டி.எஃப்-8இல் 15 பைட்டுகள். கோவில் அதன் நீளத்தைக் கேட்டால் 15 என்றே விடை வரும். இக்குறையைக் கோ மொழியினரும் அறிவார்கள்.

இனிப் பெயர்ப்பட்டியலுக்கு வருகிறோம்.

ரப்பர் போய்ச் செம்பனை வந்ததும், தோட்டங்கள் கைமாறியதும், லயங்கள் கலைந்து மக்கள் பட்டணம் சேர்ந்ததும் இங்குள்ள பெரியவர்கள் கண்ணால் கண்டவை. மக்கள் போனபின் ஒரு தோட்டப்பள்ளியில் எஞ்சுவது சேர்க்கைப் பதிவேடும், ஆண்டு மலர்களும், சில நிழற்படங்களும். அத்தகைய பள்ளி ஒன்றில், 1990களில் ஆசிரியர்கள் பழைய பதிவேட்டைப் பார்த்து மாணவர் பெயர்களைக் கணினியில் ஏற்றிவைத்தார்கள். தாள் ஏடு பிற்பாடு கறையானுக்கு இரையாயிற்று. கணினிக் கோப்புகள் நெகிழ்வட்டுகளில் இருந்தன. அவற்றை மீட்டுத்தருமாறு சில ஆண்டுகளுக்கு முன் எங்களிடம் ஒப்படைத்தார்கள்.

அக்காலத் தமிழ்க் கோப்புகளின் நிலை இளையோர்க்குத் தெரியாது. யூனிகோட்டின் முதற்பதிப்பிலேயே, 1991இல், தமிழுக்கு இடம் இருந்தது. ஆயினும் அன்றாடப் பயன்பாட்டுக் கணினிகளில் அது வேரூன்ற ஆண்டுகள் பல ஆயின. அதுவரை ஒவ்வோர் எழுத்துரு ஆக்கியோரும் தமிழ் வடிவங்களைத் தம் விருப்பப்படி அடுக்கினார்கள். மலேசியரான முத்து நெடுமாறனின் முரசு செயலியில் எழுதியவர்கள் இந்நாட்டில் மிகுதி. இணையத்தில் கலந்துரையாடி உருவாக்கிய டிஸ்கி ஒரு குறிமுறை. 1999 பிப்ரவரியில் சென்னையில் நடந்த மாநாட்டையொட்டித் தமிழ்நாட்டு அரசு ஏற்ற டாப், டாம் என்பவை வேறு இரண்டு. ஒரே பைட்டு ஒன்றில் ஒரு தமிழ் எழுத்தையும் மற்றொன்றில் வேறோர் எழுத்தையும் குறிக்கும். டிஸ்கியில் ‘கொ’ என்பது கண்ணால் காணும் முறைப்படியே கொம்பு, ககரம், கால் என்று சேமிக்கப்படும். யூனிகோட்டில் ககரம் முதலில், குறி பின்னால். இவையெல்லாம் குற்றமல்ல, அவரவர் காலத்துக்கு அவரவர் கண்ட வழி. துன்பம் எதுவென்றால், கோப்பு தன்னை இன்ன குறிமுறை என்று எங்கும் சொல்வதில்லை. முன்பு சொன்ன பெட்டியின் முதல் அறை அதில் இல்லை. பொருள் மட்டும் உண்டு. வகையெழுதாத சாக்குகள் அவை.

நாங்கள் எழுதிய கோ நிரல் அந்த முதல் அறையை உண்டாக்க முயன்றது. ஒவ்வொரு கோப்பிலும் எந்த எழுத்துச்சேர்க்கைகள் மிகுதி என்று பார்த்து, இது டிஸ்கி, இது டாப் என்று ஊகித்து, வகை குறித்து, ‘பனுவல்’ என்னும் பொதுப்பெட்டியில் இட்டது. அதுவரை சரி. அடுத்த படியில், பெயர்ப்பட்டியல்களின் பத்திகளைப் பிரிக்கும் ஒரு தனிவினை தேவைப்பட்டது. அதை நாங்கள் டிஸ்கி வகைக்கு மட்டுமே எழுதியிருந்தோம். அப்பள்ளியின் கோப்புகள் எல்லாம் டிஸ்கியே என்று எங்களுக்கு ஓர் எண்ணம். முதலில் திறந்துபார்த்த பத்துப் பன்னிரண்டும் அப்படியே இருந்தன. நிரலில் வகைவினாவைத்தான் எழுதினோம். அந்த அளவுக்கு முன்னெச்சரிக்கை இருந்தது. ஆனால் ‘ஆம்’, ‘அன்று’ என்று வரும் விடையைப் பெற்று அதனை எங்கும் பயன்படுத்தவில்லை.

கோ இதற்கு இடங்கொடுக்கும் மொழி அன்று. பெயரிட்ட ஒன்றைப் பயன்படுத்தாமல் விட்டால் தொகுப்பி அதை வழுவென்றே மறுக்கும். எங்களையும் மறுத்தது. இரவு வெகுநேரமாகியிருந்தது. விடையைப் பெறும் பெயருக்குப் பதிலாக ஓர் அடிக்கோட்டை இட்டோம். ‘இந்த விடை எனக்கு வேண்டா’ என்பதற்குக் கோவில் அடிக்கோடே குறி. தொகுப்பி வாயடைத்துக்கொண்டது. சிவப்பு மையில் திருத்திய ஆசிரியரிடம் நிரலை மீண்டும் காட்டும்போது திருத்திய இடத்தின்மேல் தாளை ஒட்டிக் காட்டியதற்கு நிகரான செயல் அது.

நான்கு கோப்புகள் டிஸ்கி அல்ல, டாப். நான்கிலும் வினாவுக்கு ‘அன்று’ என்றே விடை வந்திருக்கும், நாங்கள் கேட்கவில்லை. அதனோடு வந்த வெற்றுப்பொருளை நிரல் பணிவோடு வாங்கி, பத்தி பிரித்து, யூனிகோடாக்கி, நகலெடுத்து வைத்த கோப்பின் மேலேயே எழுதிவிட்டது. வகைக்கூற்றை எழுதியிருந்தால் முதற்கோப்பிலேயே நிரல் நின்றிருக்கும். மறுநாள் காலை அதைக் கண்டு சலித்துக்கொண்டிருப்போம்; ஒன்றும் அழிந்திராது. கோப்புகளின் எண்ணிக்கை சரியாக இருந்ததால் வேலை முடிந்தது என்று குறுவட்டில் பதிந்து கொடுத்துவிட்டோம்.

சில வாரங்களுக்குப் பின், அப்பள்ளியில் நெடுங்காலம் பணியாற்றி ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவர் தொலைபேசியில் அழைத்தார். “தம்பி, மேட்டு லயத்துப் பிள்ளைகள் பெயரெல்லாம் எங்கே? திறந்தால் ஒன்றுமே இல்லையே” என்றார். அதற்குப் பிறகே கோப்புகளின் அளவைப் பார்த்தோம். மூல நெகிழ்வட்டுகளை மறுபடியும் வாங்கி வந்தோம். மூன்று கோப்புகளை மீட்க முடிந்தது. நான்காவது இருந்த வட்டு, முதல்முறை நகலெடுத்தபோதே கரகரத்தது. இரண்டாம் முறை அது படிக்கப்படவே இல்லை. அதில்தான் மேட்டு லயம் இருந்தது. அந்த ஆசிரியை நினைவிலிருந்து சொன்ன பெயர்களை எழுதிக்கொண்டோம். ஒரு பிற்பகல் முழுதும் சொன்னார். அக்கா தம்பி உறவுகளைக் கொண்டு ஒவ்வொரு வீடாக நினைவுகூர்ந்தார். பதிவேட்டில் இருந்த அத்தனை பெயரும் அதில் வந்திரா.

நிரலைப் பின்னர் மாற்றி எழுதினோம். வகை பலவாகும்போது ஒவ்வொன்றாக வினவிச் செல்லாமல், ‘இது எவ்வகை?’ என்று ஒருமுறை கேட்டு, டிஸ்கியாயின் இது செய், டாப் ஆயின் அது செய் என்று கிளைபிரிக்கும் அமைப்பு கோவில் உண்டு. எவ்வகையிலும் அடங்காததற்கு இறுதியில் ஒரு கிளை வைக்கலாம். அக்கிளைக்கு ஐயம் என்று பெயரிட்டோம். அங்கே வந்து சேரும் கோப்பை நிரல் மாற்றாது, எதன்மேலும் எழுதாது. பெயரை மட்டும் ஒரு பட்டியலில் குறித்துவைக்கும். மூலக்கோப்பைத் தொடாமல் புதிய இடத்தில் எழுதும் வழக்கத்தையும் அப்போதே மேற்கொண்டோம். அது வகை பற்றியதன்று, பட்டறிவு பற்றியது.

பிற தோட்டப்பள்ளிகளிலிருந்து வந்த கோப்புகளுள் சில இன்னும் ஐயப்பட்டியலில் இருக்கின்றன. நமக்குத் தெரிந்த எந்தக் குறிமுறையிலும் அவை அடங்கவில்லை. அக்காலத்துத் தனி எழுத்துருக்களில் எழுதப்பட்டவையாக இருக்கலாம். ஒவ்வொன்றின் முதற்பக்கத்தையும் அச்சிட்டு வாயிலருகே உள்ள மேசையில் வைத்திருக்கிறோம். அவ்வெழுத்துருக்களில் தட்டச்சு செய்த ஆசிரியர்கள் இவ்வவையில் இருக்கக்கூடும். தேநீருக்குப் போகும் வழியில் அவற்றைப் பார்த்து, எந்தச் செயலியில் எழுதியது என்று நினைவு வந்தால் தாளின் ஓரத்தில் குறித்துவிட்டுச் செல்லுங்கள்.